பாட்டியின் ஜெபமும் மூன்று ஷிப்டும்: கிருஷ்ணகிரி அருகே ஒரு வீட்டில் ஒரு வருடம்

இந்தக் குறிப்பில் வரும் குடும்பம் கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் இடையில் ஒரு ஊரில் இருக்கிறது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எழுதி முடித்து அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். கணவர் இரண்டு வரிகளை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். மனைவி ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். அது வரும் இடத்தில் சொல்கிறேன்.

நான் அவர்கள் போகும் சபையின் உபதேசியார், போதகருக்கு உதவியாக ஊழியம் செய்கிறவன். வெளியே நின்று வேடிக்கை பார்த்தவன் அல்ல. அந்த வீட்டில் குடும்ப ஜெபம் நின்றுபோன இந்தச் சிக்கலில் பாதி முடிச்சு நான் போட்டது. மற்ற சபைகளில் வீடு சந்திக்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

குடும்பம்

கணவருக்கு 41 வயது. ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர், 14 வருட சர்வீஸ். மனைவிக்கு 37. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறார். சந்தூர் பக்கம் அவருடைய அப்பாவுக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. அப்பாவுக்கு முடியாமல் போனபிறகு மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் ஆள் கூலி, லோடு, மண்டிக் கணக்கு எல்லாம் மகள் தலையில் விழுந்தது. பெரும்பாலும் பெங்களூரா மாங்காய், பழக்கூழ் ஆலைக்குப் போவது. மூத்த பெண் 2023 ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போனாள். பையன் ஐந்தாம் வகுப்பு.

விசுவாசம் இவர்களுக்குப் புதிதல்ல. தியடோர் நேத்தர் என்ற லுத்தரன் மிஷனரி கிருஷ்ணகிரியில் ஊழியம் தொடங்கியது 1895-ல். அந்த வழியில் வந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு, இதுவும் ஒன்று. கணவரின் அம்மா, விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்றுத்தரும் ஞானோபதேசம் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லுவார். மாலை 7.30-க்கு அந்த வீட்டில் குடும்ப ஜெபம் நடப்பது தெருவுக்கே தெரியும். கீர்த்தனைச் சத்தம் கேட்டால் ஏழரை ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் அடுப்பில் உலை வைக்கும். அந்த அம்மா 2022 ஜனவரியில் இறந்துபோனார்.

அதற்கடுத்த சில மாதங்களில் நான் ஒரு காரியம் செய்தேன். துக்கத்தில் இருக்கிற குடும்பம், சபை வேலையில் ஈடுபட்டால் தேறுவார்கள் என்று நினைத்து, கணவரைச் சபைப் பொருளாளராக முன்மொழிந்தேன். மனைவி மாதர் ஐக்கியத்தின் செயலாளர் ஆனார். இருவரும் மறுக்கவில்லை. உபதேசியார் கேட்டால் எப்படி மறுப்பார்கள்?

முதலில் கண்ணில் பட்டது

2023 ஜூனில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மனைவி எல்லோரும் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தார். "ஐயா, வீட்ல ஜெபமே இல்லாமப் போச்சுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்றோம், அவ்வளவுதான். எல்லாம் இந்த போனால வந்ததுங்க."

அந்த வாரமே வீட்டுக்குப் போனேன். பைபிள் பீரோவின் மேல் ஜிப் கவருக்குள் இருந்தது. அதன்மேல் நான்கு கல்யாணப் பத்திரிகைகள், ஒரு மின்கட்டண அட்டை. ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கும், மதியம் மறுபடி மேலே ஏறும். வீட்டில் மூன்று போன். மனைவியின் போனில் மட்டும் சபை, ஊழியம், ஜெபக்குழு என்று 9 வாட்ஸ்அப் குழுக்கள். காலையில் அங்கே வருகிற வாக்குத்தத்த வசனப் படங்களைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதுதான் அவருடைய முதல் வேலை. "தினமும் வசனம் பாக்குறேங்க, அனுப்புறேங்க. ஆனா மத்தியானம் கூப்பிட்டு இன்னிக்கு என்ன வசனம்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது" என்றார். தன்னைப் பற்றி இவ்வளவு நேராகச் சொல்கிறவர்கள் குறைவு. ஆனால் அன்று அந்த வாக்கியத்தை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. போன்தான் குற்றவாளி என்று நானும் முடிவு கட்டிவிட்டேன்.

கணவர் மாதத்தில் மூன்று ஞாயிறு ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலைச் சட்டப்படி அதற்கு இரட்டைச் சம்பளம். ஒரு சீட்டு எடுத்திருந்தார்கள், 2024 மார்ச்சோடு முடிவது. தவணை கட்ட அந்தப் பணம் வேண்டும். இதையும் அன்று நான் பேராசை என்ற கணக்கில்தான் சேர்த்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கூடை வைத்த 11 நாள்

ஜூலை முதல் வாரத்தில் என் யோசனைப்படி ஒரு ஏற்பாடு. மாலை 7.30-க்கு மூன்று போனும் அணைத்து வெங்காயக் கூடையில் போட வேண்டும். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஆளுக்கொரு ஜெபம், அரை மணி நேரம். பழைய 7.30-ஐத் திரும்பக் கொண்டுவருவதுதான் எண்ணம்.

11 நாள் நடந்தது. கணவர் இல்லாத நாட்களில் மனைவி நடத்தினார். 12-ஆம் நாள் மாலை, மறுநாள் ஷிப்ட் மாற்றம் பற்றி கணவரின் பஸ் வாட்ஸ்அப் குழுவில் தகவல் வந்தது. போன் கூடைக்குள். ஜெபம் முடிந்ததும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை, களைப்பில் படுத்துவிட்டார்கள். காலையில் அவர் போய் நின்றபோது பஸ் போய்விட்டிருந்தது. ஒரு நாள் கூலி போயிற்று. அதே மாலையில் தோப்பிலிருந்து லாரி டிரைவர் ஆறு முறை கூப்பிட்டிருக்கிறார், ஆலை வாசலில் லோடை இறக்க விடவில்லை என்று. வீட்டில் பெரிய சண்டை. கூடையில் மறுபடி வெங்காயம் வந்தது.

போன் இந்த வீட்டில் விளையாட்டுப் பொருள் மட்டும் அல்ல. பஸ் வரும் நேரமும் ஷிப்ட் மாற்றமும் மாங்காய் விலையும் அதில்தான் வந்தன. அதை மண்வெட்டி மாதிரி ஒரு கருவியாக நான் பார்த்திருந்தால் கூடை யோசனையே வந்திருக்காது.

நான் செய்த இரண்டாவது தவறு

கூடை தோற்றதும் எனக்குத் தோன்றியது, வீட்டில் முடியவில்லை என்றால் வெளியிலாவது கூட வேண்டும் என்பதுதான். ஆகஸ்டிலிருந்து வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கும், புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்துக்கும் அவர்களை வரச் சொன்னேன். வந்தார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு கூட்டம் வைத்தோம். வந்தவர்களுக்குச் சுண்டல், டீ. மனைவி அன்று மதியம் முழுக்கத் தையலை நிறுத்திவிட்டு வீட்டைக் கழுவித் துடைத்திருக்கிறார்.

செப்டம்பரில் அந்தப் பெண்பிள்ளையை வழியில் பார்த்தேன். டியூஷன் போய்க்கொண்டிருந்தாள். சும்மா பேச்சுக்கு, "வீட்ல இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றேன். சைக்கிளை நிறுத்தாமலேயே சொன்னாள். "சபைக்குப் போற அன்னிக்குத்தான் வீட்ல சண்டை அதிகம் வருது தாத்தா."

அந்த வார்த்தை என்னைச் சில நாள் தூங்கவிடவில்லை. லூக்கா 10-ல் மார்த்தாள் கலங்கியது எதனால்? இயேசுவுக்குச் சமைத்ததனால். அவருக்காகச் செய்கிற வேலையே அவர் பாதத்தில் உட்கார விடாமல் இழுத்துக்கொண்டது. அந்தப் பகுதியை வைத்து நான் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன், எப்போதும் பெண்களைப் பார்த்து, வீட்டு வேலையை மனதில் வைத்து. சபை வேலையும் அந்தப் பானைகளில் ஒன்றாக இருக்கலாம் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

நோட்டு காட்டியது

அக்டோபரில் புதிதாக எதையும் செய்யச் சொல்லவில்லை. ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொடுத்து, மூன்று வாரம் யார் எப்போது வீட்டில் இருக்கிறார்கள், எப்போது தூங்குகிறார்கள் என்று மட்டும் குறிக்கச் சொன்னேன். ஷிப்ட் வாரத்துக்கு ஒருமுறை மாறுவதால் மூன்று வாரம் வேண்டும். பையன்தான் ஆர்வமாக எழுதினான்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கிருந்து ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர். முதல் ஷிப்ட் காலை 6 மணிக்கு, அதற்கு 4.30-க்கு பஸ். மதியம் 3.30-க்கு வீடு, வந்ததும் தூக்கம். இரண்டாம் ஷிப்ட் மதியம் 2 முதல் இரவு 10 வரை. 12.30-க்குக் கிளம்பினால் திரும்ப 11.30 ஆகும். நைட் ஷிப்ட் என்றால் இரவு 8.30-க்குக் கிளம்பி மறுநாள் காலை 7.30-க்கு வருவார். பெண்ணுக்கு வாரநாட்களில் மாலை 6 முதல் 8.30 வரை டியூஷன்.

21 நாளில், மாலை 7.30-க்கு நான்கு பேரும் வீட்டில் விழித்திருந்த நாட்கள் 4. அந்த நான்கில் இரண்டு நாள் சபைக் கமிட்டிக் கூட்டமும் வீட்டு ஜெபக்கூட்டமும். மீதி 2.

நோட்டை நடுவில் வைத்து மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கேள்வி எனக்கு நெருடியது. இவர் 14 வருடமாக இதே ஷிப்டில்தான் போகிறார். அப்படியானால் பாட்டி இருந்தபோது ஏழரை ஜெபம் எப்படி நடந்தது? கணவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். "நான் இருந்ததே கம்மிங்க ஐயா. அம்மா இருந்தாங்க."

எல்லோரும் அதை "நம்ம வீட்டு ஜெபம்" என்று நினைத்திருந்தோம். அது பாட்டியின் ஜெபம். வீட்டில் யார் இருந்தார்களோ அவர்களை வைத்து அவர் நடத்தினார். ஒருவரும் இல்லையென்றால் தனியாகப் பாடினார். அவர் போனதும் நாற்காலி காலியானது. போன் வந்து அதில் உட்கார்ந்தது பிறகு.

டிரங்குப் பெட்டி

நவம்பர் கடைசியில் கிறிஸ்துமஸுக்கு வீடு வெள்ளையடிக்கப் பொருட்களை நகர்த்தியபோது பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். ஒரு மூக்குக் கண்ணாடி, கிழிந்த ஞானோபதேசம், கீர்த்தனைகள் எழுதி வைத்த நோட்டு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர்கள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர். மகன் பெயருக்கு எதிரே "4.30 பஸ்" என்று எழுதியிருந்தது.

அதைப் பார்த்தபிறகுதான் கணவருக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. முதல் ஷிப்ட் வாரத்தில் அம்மா நான்கு மணிக்கே எழுந்து வாசலில் நிற்பார். தலையில் கைவைத்து சங்கீதம் 121-ன் கடைசி வசனத்தைச் சொல்வார், கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் காப்பார் என்று. அவ்வளவுதான், கால் நிமிடம் ஆகும். "காப்பி குடுக்குற மாதிரி அதையும் ஒரு பழக்கம்னு நினைச்சுட்டேங்க" என்றார். மனைவிக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. கேழ்வரகுக் களி கிண்டும்போது அத்தை பாடிக்கொண்டேதான் கிண்டுவார், பாட்டு முடிந்தால் களி வெந்துவிட்டது என்று கணக்கு. பிள்ளைகளுக்குப் பாயில் படுத்தபடியே, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம். பாதியில் தூங்கினாலும் எழுப்பமாட்டார்.

அப்போ ஏழரை ஜெபம் என்பது அந்த அம்மாவின் நாளில் வெளியே கேட்ட பகுதி மட்டும்தான். மீதியெல்லாம் வாசலிலும் அடுப்பிலும் பாயிலும் நடந்திருக்கிறது. உபாகமம் 6-ல் வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்பும்போதும் என்று சொல்லியிருப்பது இதைத்தான்.

அந்தக் கிழிந்த ஞானோபதேசத்தை வாங்கிப் புரட்டினேன். 1529-ல் லூத்தர் எழுதிய சிறு ஞானோபதேசத்தில் காலை ஜெபம், மாலை ஜெபம் என்று இரண்டு உண்டு. இரண்டும் சில வரிகள்தான். விசுவாசப் பிரமாணமும் பரமண்டல ஜெபமும் சேர்ந்தாலும் சில நிமிடத்தில் முடிந்துவிடும். காலையில் சொல்லிவிட்டு மகிழ்ச்சியோடு வேலைக்குப் போ என்கிறார். இரவில் சொல்லிவிட்டு உடனே தூங்கு என்கிறார். வருடா வருடம், திருவிருந்தில் சேருமுன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை நான் பரீட்சைப் பாடமாக நடத்துகிறேன். ஷிப்டுக்குப் போகிறவனுக்காகவே எழுதினது மாதிரி இருக்கிறதே என்று அன்றைக்குத்தான் பட்டது.

எடுத்த முடிவுகள்

2023 டிசம்பர் 3, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தப்படும் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. அன்று மாலை உட்கார்ந்து பேசித் தீர்மானித்தவை இவை.

ஏழரையை விட்டுவிட்டோம். கணவருக்கு இது கஷ்டமாக இருந்தது, அம்மாவையே கைவிடுகிற மாதிரி. ஆனால் 21 நாளில் 2 நாள் கிடைக்கிற நேரத்தை வைத்துக்கொண்டு மற்ற 19 நாளும் குற்ற உணர்ச்சியோடு இருப்பதில் பயனில்லை.

அதற்குப் பதில், யார் எப்போது வாசலைத் தாண்டினாலும், விழித்திருக்கிற ஒருவர் தலையில் கைவைத்து அந்தச் சங்கீத வசனத்தைச் சொல்வது. பெரியவர் சின்னவருக்குத்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. படுக்கும்போது, வீட்டில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கீதமும் பரமண்டல ஜெபமும். அப்பா இல்லாத இரவுகளில் பிள்ளைகள் முறைவைத்து வாசிப்பார்கள். பைபிள் பீரோவிலிருந்து இறங்கித் தையல் மிஷின் மேசைக்கு வந்தது, ஜிப் கவர் இல்லாமல்.

போனைத் தொடவில்லை. ஆனால் 9 குழுக்களில் சபைக் குழு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதிலிருந்து மனைவி விலகினார். வசனத்தை அனுப்பினால் வாசித்த மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது என்பதை அவரே கண்டுபிடித்திருந்தார். அது ஜூனிலேயே அவர் என்னிடம் சொன்னதுதான்.

ஞாயிறு ஓவர்டைம்: சீட்டு முடியும் மார்ச் வரை மாதம் இரண்டு ஞாயிறு, அதன்பின் ஒன்று. முழுவதும் விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கித் தவணை கட்டிவிட்டு ஆராதனையில் உட்கார்ந்தால் மனது எங்கே இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

கடைசி முடிவுதான் கடினம். பொருளாளர், மாதர் ஐக்கியச் செயலாளர் இரண்டு பொறுப்பிலிருந்தும் ஆறு மாதம் விலகல். கமிட்டியில் நான் எடுத்துச் சொன்னேன். கிறிஸ்துமஸ் நேரத்தில் பொருளாளர் இல்லாமல் எப்படி என்று எதிர்ப்பு. போதகர் ஐயா என் பக்கம் நின்றதால் நிறைவேறியது. ஆனால் காரணத்தைச் சபையில் யாரும் விளக்கவில்லை, நானும்தான். குடும்ப விஷயம், வெளியே பேச வேண்டாம் என்று நினைத்தேன்.

டிசம்பர் முதல் பெரிய வெள்ளி வரை

முதல் வாரம் நைட் ஷிப்ட். காலை 7.30-க்கு அப்பா வருவார், 8.15-க்குப் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவார்கள். நடுவில் முக்கால் மணி நேரம் நான்கு பேரும் ஒன்றாக இருக்கிறார்கள்! நோட்டில் இது எல்லோர் கண்ணுக்கும் எதிரே இருந்தது, மாலையையே தேடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. தூக்கக் கண்ணோடு அப்பா வாசலில் நின்று இரண்டு பிள்ளைகளின் தலையிலும் கைவைத்து அனுப்பினார்.

இரண்டாம் ஷிப்ட் வாரம் வேறு விதம். மதியம் 12.30-க்கு அவர் கிளம்பும்போது வீட்டில் மனைவி மட்டும். கல்யாணமாகி 16 வருடத்தில் இருவர் மட்டும் சேர்ந்து ஜெபித்ததே இல்லை. எப்போதும் அம்மா இருந்தார், இல்லையென்றால் பிள்ளைகள், இல்லையென்றால் சபையார். "வெட்கமா இருந்துச்சுங்க. அவர் தலையில நான் எப்படிக் கைவைக்கிறது? முதல் ரெண்டு நாள் சட்டைக் காலரைச் சரிபண்ற மாதிரி வெச்சேன்" என்றார் மனைவி. இதை எழுதலாமா என்று கேட்டேன், இருவரும் சிரித்துவிட்டு எழுதச் சொன்னார்கள். என் கணிப்பில், அந்த வருடம் அந்த வீட்டில் மாறியவற்றில் பெரியது இந்த மதிய வாசல்தான். சண்டை போட்ட நாளில் கைவைக்க முடியாது என்பதால் 12.30-க்குள் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. எல்லா நாளும் தீர்ந்தது என்று சொல்லவில்லை. சில நாள் வசனம் மட்டும் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு அவர் போயிருக்கிறார்.

சபையில் நடந்தது நன்றாக இல்லை. கேரல் பவனிக்கு மனைவி ஏற்பாடு செய்யவில்லை, கணவர் கணக்கு வாசிக்கவில்லை. விசுவாசத்தில் பின்வாங்கிப் போய்விட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. பொருளாளர் கணக்கில் ஏதோ தப்பு என்றுகூட ஒருவர் சொன்னதாகக் காதில் விழுந்தது. கணக்கில் ஒரு ரூபாய் பிசகில்லை. மனைவி சேர்க்கச் சொன்னது இந்த இடத்தில்தான், அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "அந்த ரெண்டு மாசம் மாதர் ஐக்கியத்துல இருந்து ஒருத்தரும் எங்க வீட்டு வாசப்படி மிதிக்கல. வேலை செஞ்சப்போ தினம் போன் வரும். அதையும் எழுதுங்க."

ஜனவரி நடுவில் நான் விழித்துக்கொண்டு இரண்டு மூன்று மூத்த பெண்களிடம் விவரம் சொன்னேன். அதன்பின் பேச்சு அடங்கியது. டிசம்பர் 3 அன்றே செய்திருக்க வேண்டியதை ஆறு வாரம் தள்ளிச் செய்தேன்.

2024 பிப்ரவரி 14 சாம்பல் புதன். அன்று தொடங்கி ஈஸ்டர் வரை வரும் லெந்து என்ற தவக்கால நாட்களில் கூடுதலாக எதுவும் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கணவர் மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் சங்கீதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வாசித்தார். பஸ்ஸில் எப்போதும் சினிமாப் பாட்டு அலறும். முன்பெல்லாம் அதைக் குறைக்கச் சொல்லி டிரைவரோடு தகராறு செய்வாராம். பாட்டு பாட்டுக்கு ஓடுது, சங்கீதம் பாட்டுக்கு ஓடுது என்றார்.

கணக்குப் பரீட்சைக்கு முந்தைய நாள்

அந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 26-ல் தொடங்கியது. பெரிய வியாழன் 28-ஆம் தேதி, அன்று ஆங்கிலம். 29 பெரிய வெள்ளி. 31 ஈஸ்டர். ஏப்ரல் 1 திங்கள் கணக்குப் பரீட்சை. பரிசுத்த வாரமும் பரீட்சையும் ஒன்றாக விழுந்ததில் எங்கள் சபையில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்த எல்லா வீட்டிலும் இழுபறி.

இந்த வீட்டில் அத்தைமார், சித்திமார் போன் மேல் போன். கணக்குக்கு முந்தின நாள் விடியற்காலம் கோயிலுக்கு அனுப்புவீர்களா என்று ஒரு பக்கம். கடவுளுக்கு முதலிடம் கொடுக்காத பரீட்சை எதற்கு என்று இன்னொரு பக்கம். அப்பாவுக்கு மூன்று ஆராதனைக்கும் வர வேண்டும் என்று ஆசை. என்னிடம் கேட்டார்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை, பெண்ணையே கேளுங்கள் என்றேன். அவள் நோட்டை எடுத்து மணிக்கணக்குப் போட்டாள். வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வருவேன். ஈஸ்டர் அன்று விடியற்கால ஆராதனைக்கு வருவேன், காலை ஆராதனைக்கு வரமாட்டேன், வந்து தூங்கிவிட்டுப் படிப்பேன். அப்படியே செய்தாள்.

திங்கட்கிழமை காலை அப்பா முதல் ஷிப்டுக்கு 4.30-க்கே போய்விட்டார். அம்மா தோப்பில் பூச்சி மருந்து அடிக்கும் ஆட்களுக்காக ஏழு மணிக்கே கிளம்பிவிட்டார். பரீட்சைக்குப் போகிற பெண்ணின் தலையில் கைவைத்து வசனம் சொன்னது தம்பி. உயரம் எட்டாமல் நாற்காலிமேல் ஏறி நின்றானாம்.

அவள் வாங்கிய மார்க்கை இங்கே எழுதப்போவதில்லை. அதிகம் என்றால் ஜெபத்தின் கூலி ஆகிவிடும், குறைவு என்றால் ஈஸ்டர் தலையில் பழி விழும்.

மாங்காய் மாதங்கள்

மே, ஜூன் வந்ததும் உண்மையான சோதனை வந்தது. மனைவி சந்தூரிலேயே தங்கிவிடும் இரவுகள். கணவர் ஷிப்ட் முடித்து நேராகத் தோப்புக்குப் போகும் நாட்கள். ஜூன் நடுவில் தொடர்ந்து 9 நாள் எதுவும் நடக்கவில்லை, வாசலும் இல்லை, சங்கீதமும் இல்லை.

முன்பு ஜெபம் நின்றபோது அவர்களுக்குத் தெரிய ஒன்றரை வருடம் ஆயிற்று. இந்த முறை 9 நாளில் தெரிந்தது. சொன்னவன் பையன். அவனுக்கு ஆன்மிக அக்கறை பொங்கி வந்ததாக நினைக்க வேண்டாம். சைக்கிள் டயருக்குப் பணம் கேட்டு அப்பாவை வாசலில் மறித்திருக்கிறான். பணம் கிடைக்கவில்லை, "அப்போ தலையிலயாவது கை வைங்க" என்றிருக்கிறான், கோபத்தில். அவர் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் வைத்துவிட்டு ஓடினார். அன்று இரவு சந்தூரிலிருந்து மனைவி கூப்பிட்டபோது போனை ஸ்பீக்கரில் வைத்து நான்கு பேரும் பரமண்டல ஜெபம் சொன்னார்கள். எந்த போனைக் கூடையில் போடச் சொன்னேனோ அதே போன்.

2024 ஆகஸ்ட் நிலவரம்

வாசல் ஜெபம் பெரும்பாலான நாள் நடக்கிறது. இரவுச் சங்கீதம் வாரத்தில் நான்கைந்து நாள். சீட்டு முடிந்தது, ஞாயிறு ஓவர்டைம் மாதம் ஒன்றாகக் குறைந்தது. நைட் ஷிப்ட் முடித்து வரும் ஞாயிறுகளில் கணவர் பிரசங்கத்தில் தூங்குகிறார், அவரை எழுப்ப வேண்டாம் என்று பக்கத்தில் உட்காருகிறவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பொருளாளர் பொறுப்பு வேறொருவருக்குப் போய்விட்டது. மனைவி மாதர் ஐக்கியத்துக்கு உறுப்பினராகப் போகிறார், செயலாளராகத் திரும்ப விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார். வாட்ஸ்அப் குழுக்கள் ஒன்றிலிருந்து மறுபடி மூன்றாகியிருக்கின்றன. பெண்ணுக்குச் சபைமேல் இன்னும் ஒரு விலகல் இருக்கிறது. வருகிறாள், பின்வரிசையில் உட்காருகிறாள், ஆராதனை முடிந்ததும் முதலில் வெளியேறுகிறாள். வீட்டில் அவள் வாசிக்கும் முறை வந்தால் நீண்ட சங்கீதமாகப் பார்த்து எடுக்கிறாள் என்று தம்பி புகார் சொல்கிறான்.

மறுபடி செய்வதானால்

நோட்டு முதல் வாரமே கையில் கொடுக்கப்பட்டிருக்கும். ஜூனில் கொடுத்திருந்தால் கூடையும் புதன், வெள்ளிக் கூட்டங்களும் நடந்திருக்காது, நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும்.

துக்க வீட்டுக்குப் பொறுப்பு கொடுப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு வருடமாவது போகட்டும். பாட்டியோ தாத்தாவோ இறந்த வீட்டில், அவர்கள் ஜெபத்தை இப்போது யார் எடுத்திருக்கிறார்கள் என்று நாற்பது நாளுக்குள் கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

யாரையாவது பொறுப்பிலிருந்து விடுவித்தால் அன்றைக்கே சபைக்கு ஒரு வரி சொல்ல வேண்டும். ஓய்வு கொடுத்திருக்கிறோம் என்ற ஒரு வரி போதும். அந்த இரண்டு மாதம் அந்த அம்மா பட்டது என் வாய்மூடலால் வந்தது.

பெண்பிள்ளை சைக்கிளில் சொன்னதற்கு நான் இன்னும் முழுப் பதில் கொடுக்கவில்லை. கமிட்டிக் கூட்டங்களை மாதம் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்திருக்கிறோம், அதுவும் நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு. அவளிடம் இன்னொரு முறை பேச வேண்டும், இந்த முறை வழியில் நிறுத்தாமல்.

வீடு சந்திக்கும் என் நோட்டில் இப்போது ஒவ்வொரு குடும்பத்தின் பெயருக்கு எதிரிலும் ஷிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் 31 வீடு. இதுவரை 22 வீட்டுக்கு எழுதியாயிற்று, மீதி வீடுகளில் நான் போகும் நேரத்துக்கு ஆள் இருப்பதில்லை.